வெளுத்த தட்டில் ஒரு புள்ளி

ஜூன் 5, திங்கள்

இன்று ஆய்வு வழிகாட்டி ஹமீதா மேடம் என் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ‘மூன்றாம் குடுவையைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தேன்.

“பியூலா, இது ரெக்கார்டு. இதுல நம்பர் மட்டும்தான் வரணும். பாவம் புண்ணியமெல்லாம் வீட்ல வச்சுக்கம்மா” என்றார்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் இந்த நோட்டை வாங்கினேன். எண்கள் அங்கே, மற்றதெல்லாம் இங்கே.

முதலில் என் நிலைமை. வயது முப்பத்தாறு. நாசரேத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுக்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஆறு வருடம் ஆகிறது. ஐந்து வருடம் பள்ளிக்கூடத்துக்கும் மதுரைக்குமாக அலைந்தேன். இந்த வருடம் விடுப்பு எடுத்து இங்கேயே தங்கிவிட்டேன். செப்டம்பர் முப்பதோடு விடுப்பும் முடிகிறது, பதிவும் முடிகிறது. அதற்குள் துறைக் குழுவின் முன் நின்று சொல்லும்படி ஏதாவது ஒன்று கையில் இருந்தாக வேண்டும். இப்போதைக்கு இல்லை.

ஜூன் 8, வியாழன்

என் பாசியைப் பற்றி எழுதாவிட்டால் இந்த நோட்டே அர்த்தமில்லாதது.

ஒற்றைச் செல் பச்சைப் பாசி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டு மீசையை ஆட்டிக்கொண்டு நீந்தும். வெளிச்சத்தைத் தின்று வாழ்கிற இதற்கே வெளிச்சம் அதிகமானால் ஆபத்து. ஒளிச்சேர்க்கை நடக்கிற இயந்திரத்தின் நடுவில் இருக்கும் ஒரு புரதம் கருகிப்போகும். அசல் பாசி அதற்கெல்லாம் பயப்படாது. கூடுதல் வெளிச்சத்தை வெப்பமாக்கி வெளியே தள்ளிவிட அதனிடம் மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன. அதையும் மீறிக் கருகியதைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டிக்கொள்ளும்.

எங்களிடம் இருப்பது சடுதி மாற்றம் அடைந்த வகை. அந்த மஞ்சள் நிறமிகளைச் செய்யத் தெரியாதது. மங்கலான வெளிச்சத்தில் சௌக்கியமாக இருக்கும். வெயில் போல் பிரகாசமாக வைத்தால் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும், இரண்டு நாளில் வெளுத்துச் செத்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இதற்கு ‘சோகை’ என்று பெயர். எந்த அளவு வெளிச்சத்தில், எவ்வளவு நேரத்தில், எவ்வளவு கெடுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. நான்கு மாதமாக அளந்துகொண்டிருக்கிறேன்.

விளக்குப் பலகையைச் செய்து தந்தவர் கருவிப் பட்டறையில் இருக்கும் அழகுசுந்தரம். ஒரு குமிழைத் திருகினால் மங்கலில் இருந்து உச்சி வெயில் வரை போகும். பன்னிரண்டு மணி நேரம் எரிந்து பன்னிரண்டு மணி நேரம் அணைய ஒரு டைமரும் உண்டு. இன்று மூலையில் ஒரு விளக்கு மினுக்கியது. சொல்லி அனுப்பிய ஐந்தாவது நிமிடம் வந்து நின்றார்.

“டீச்சர், இது கொஞ்சம் கண் சிமிட்டுது. அவ்வளவுதேன். வேற கோளாறு இல்ல.”

என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஆய்வு மாணவி என்று கூப்பிட என் வயது இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

ஜூன் 12, திங்கள்

குடுவைகள் கழுவினேன். நாற்பத்தெட்டு. அழகுசுந்தரம் சாருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். நான் கேட்கவில்லை, பேச்சுவாக்கில் வந்தது.

ஜூன் 17, சனி

அம்மா போன் செய்தாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டதற்குப் பலகையைப் பற்றி, டைமரைப் பற்றி, நேற்று மின்சாரம் போனபோது பட்டறையில் இருந்து சார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

“ஏட்டி, அந்த விளக்குக்காரரு பேரு என்ன?”

“அழகுசுந்தரம். எதுக்கும்மா?”

“ஒண்ணுமில்ல. பேரச் சொல்லாமலே ஏழு தடவ ‘சார்’ ‘சார்’னுட்ட. அதான் கேட்டேன்.”

அம்மாவுக்குப் பொழுது போகவில்லை. அப்பா போனபிறகு ஆள் தனியாக இருக்கிறாள், எதையாவது எண்ணிக்கொண்டு.

ஜூன் 23, வெள்ளி

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. சித்தி மகளுக்கு நாளை நிச்சயதார்த்தம். மதியம் சோகையை உச்ச வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைத்து அளவெடுத்தேன். நல்ல எண்கள். அதற்குள் நாலரை ஆகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு ஓடி, ஆட்டோ பிடித்து, மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ் கிளம்புகிற நேரத்தில் ஏறினேன். ஜன்னலோர இடம்.

குமிழைத் திருப்பி மங்கலில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். எப்போதும் வைத்துவிட்டுத்தான் வருவேன்.

ஜூன் 26, திங்கள்

எல்லாம் போய்விட்டது.

ஊரில் இருந்து காலையில் நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். மணி பத்தரை. அழகுசுந்தரம் பலகையின் முன் நின்றுகொண்டிருந்தார். அவர் கை குமிழின் மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். பலகை மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே பதினெட்டுக் குடுவைகளும் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இருந்தன. கூழ் போன்ற அகரில் பாசி வளர்த்த தட்டுகள் ஆறும் அப்படியே வெளுத்துப் போயிருந்தன. நான்கு மாதமாகப் படிப்படியாக வளர்த்துக் கொண்டுவந்த வரிசை அது. மூலப் பாசி உள்ளறையில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதில் இருந்து மறுபடி இந்த இடத்துக்கு வர எனக்கு நான்கு மாதம் இல்லை.

“டைமர் ஒட்டிக்கிருச்சு டீச்சர். வெள்ளிக்கிழமையில இருந்து அணையவே இல்ல. ராவும் பகலும் எரிஞ்சிருக்கு. என் தப்புதேன், மாசத்துக்கு ஒருக்க பாத்திருக்கணும்” என்றார்.

மேடம் வந்தார். பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அழகுசுந்தரத்திடம், “எழுத்துல விளக்கம் குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இயந்திரம்தானே. யாரைக் குறை சொல்வது.

ஜூன் 27, செவ்வாய்

குடுவைகளைக் கொட்டினேன். தட்டுகளைக் கழுவ மனசு வரவில்லை. தொட்டியின் பக்கத்தில் ஜன்னலோரம் அடுக்கிவைத்தேன்.

ஜூன் 30, வெள்ளி

அழகுசுந்தரத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. அலுவலகக் கோப்பிலும் சேர்ப்பார்களாம். பட்டறைப் பக்கம் போனேன். ஏதோ பழைய மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பலகையில் இருந்து கழற்றிய டைமர் மேசை மேல் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

“இது சரியாயிடுச்சா சார்?”

“ஆயிருச்சு ஆயிருச்சு. சும்மா ஒரு தட்டுத் தட்டுனேன்” என்று சொல்லி அதை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துவிட்டார்.

இயந்திரங்களுக்கு அப்படி ஆவது உண்டு. ஒட்டிக்கொள்ளும், தட்டினால் விடும்.

ஜூலை 6, வியாழன்

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

ஒரு வழியாகத் தட்டுகளைக் கழுவலாம் என்று இன்று எடுத்தேன். ஐந்தாவது தட்டில், ஓரத்தில், ஒரு புள்ளி. கடுகில் பாதி இருக்கும். முதலில் அழுக்கு என்று நினைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சை. இளம் மஞ்சள் கலந்த பச்சை, வாழைக்குருத்து போல. ஒரு துளி எடுத்து உருப்பெருக்கியில் வைத்தேன். இரண்டு மீசை. நீந்திக்கொண்டு போகிறது.

எல்லாம் செத்த இடத்தில் ஒன்று மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. அது பெருகியிருக்கிறது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பட்டறைக்கு ஓடினேன். அவர் எழுந்து வந்து, மூக்கு தட்டில் இடிக்கக் குனிந்து பார்த்துவிட்டு, “ஒத்தை ஆளா நின்னுருக்கான் பாருங்க டீச்சர்” என்றார். இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகுதான், முதலில் மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது உறைத்தது.

ஜூலை 7, வெள்ளி

மேடம் தட்டை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார்.

“காத்துல வந்த பாசிம்மா இது. பத்து நாள் ஜன்னலோரம் வச்சிருக்க. மாடித் தண்ணித் தொட்டியில இருக்கிறது பறந்து வந்து விழுந்திருக்கும்.”

“அப்படி இல்லன்னா மேடம்?”

“இல்லன்னு நீ காட்டு.”

காட்ட வழி இருக்கிறது. சோகையை உருவாக்கியவர்கள் அதற்குள் ஒரு மருந்தைத் தாங்கும் சக்தியையும் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். அந்த மருந்து கலந்த தட்டில் சோகை வளரும். அசல் பாசியோ தொட்டிப் பாசியோ செத்துவிடும். புள்ளியில் இருந்து ஒரு கீற்று எடுத்து மருந்துத் தட்டில் இழுத்தேன். பக்கத்தில் சோகை, அதற்குப் பக்கத்தில் அசல், கடைசியில் மாடித் தொட்டியில் இருந்து வழித்தது. பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

தொட்டியில் வழிப்பதற்கு ஏணி பிடித்தது அழகுசுந்தரம் சார்.

ஜூலை 11, செவ்வாய்

ஒன்றும் தெரியவில்லை. இன்று மூன்று தடவை பார்த்தேன். மூடியைத் திறக்காமல்தான்.

ஜூலை 17, திங்கள்

அசல் செத்துவிட்டது. தொட்டிப் பாசி செத்துவிட்டது. சோகை வளர்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் புள்ளியின் கீற்று, வாழைக்குருத்து நிறத்தில், ஒரு கோடாக நீளத்துக்கும் வளர்ந்திருக்கிறது.

சோகையின் பிள்ளைதான் அது. காற்றில் வந்ததில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தானே கேன்டீனுக்குப் போன் போட்டு மூணு டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வரவழைத்தார். ஆறு வருடத்தில் மேடம் பஜ்ஜி வாங்கி நான் பார்த்ததில்லை. மூணாவது டீ யாருக்கு என்று நான் கேட்கும் முன்பே, “அந்த அழகுசுந்தரத்தைக் கூப்பிடு. அவர் டைமர்னாலதானே வந்துச்சு” என்றார்.

அவர் வந்து டீயைக் குடித்தார். என்னைப் பார்க்காமலே குடித்தார்.

ஜூலை 21, வெள்ளி

மேடம் உற்சாகமாக இருக்கிறார். இதையே ஆய்வின் மையமாக வைத்துவிடலாம், துறைக் குழுவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

“முதல்ல அந்த சனி ஞாயிறு என்ன நடந்துச்சோ அதை அப்படியே திரும்பச் செய். மங்கல் வெளிச்சம், இடைவெளி இல்லாம மூணு ராத்திரி ரெண்டரைப் பகல். சோகை சாகணும். புள்ளி நிக்கணும். எத்தனை வெளிச்சம், எத்தனை மணி நேரம்னு பேப்பர்ல எழுதியாகணும்ல.”

சரி மேடம் என்றேன்.

ஜூலை 28, வெள்ளி

மங்கல் வெளிச்சம், அறுபத்தைந்து மணி நேரம், அணைக்காமல். சோகை சாகவில்லை. பச்சையாக, சந்தோஷமாக நீந்துகிறது. கருவியில் அளந்தால் முழு ஆரோக்கியம். புள்ளியும் அப்படியே.

மேடம் குழம்புகிறார். மறுபடி செய் என்கிறார்.

ஜூலை 30, ஞாயிறு

கோவிலுக்குப் போனேன். பிரசங்கம் காதில் விழவில்லை.

மங்கல் வெளிச்சம் எத்தனை நாள் எரிந்தாலும் சோகை சாகாது. இது எனக்கு வெள்ளிக்கிழமை தெரிந்த விஷயமல்ல. நான்கு மாதம் அதை அளந்தவள் நான். ஜூன் இருபத்தாறாம் தேதி கஞ்சித் தண்ணீர் நிறத்தைப் பார்த்த அந்த நிமிடமே தெரியும். உச்ச வெளிச்சம் மட்டும்தான் அப்படிச் செய்யும்.

குமிழை நான் திருப்பவில்லை. பையை எடுத்தேன், கதவைச் சாத்தினேன், ஓடினேன். அவ்வளவுதான் செய்தேன். இந்த நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று இங்கே பொய் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

பட்டறைக்குப் போனேன். அவர் மட்டும்தான் இருந்தார்.

“சார், நீங்க வந்தப்போ குமிழ் எங்க இருந்துச்சு?”

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். 

“உச்சத்துல இருந்துச்சு டீச்சர்.”

“டைமர்?”

“டைமருக்கு ஒண்ணும் இல்ல.”

“எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“நான் குறைச்சு வச்சுட்டு நிமிர்றேன், நீங்க வாசல்ல நிக்கிறீங்க, பையைக்கூட இறக்கல. அந்த மொகத்தப் பாத்துட்டு வேற என்ன சொல்லச் சொல்றீங்க.” துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “எனக்கு ஒரு காகிதம் வந்துச்சு, அதோட முடிஞ்சது. உங்களுக்கு அப்புடியா? ஆறு வருசமில்ல.”

“எனக்கும் தெரியும் சார். அன்னைக்கே தெரியும். நீங்க சொன்னதைப் பிடிச்சுக்கிட்டேன்.”

“அதுவும் எனக்குத் தெரியும்” என்றார். கோபம் இல்லை. எனக்குத்தான் உட்கார வேண்டியிருந்தது. அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

நாளை மேடத்திடம் சொல்லப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது, “கூட வரவா?” என்று மட்டும் கேட்டார். இது நான் தனியாகச் செய்யவேண்டியது என்றேன்.

ஆகஸ்ட் 2, புதன்

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, ஒரே மூச்சில். குமிழை மறந்தது, ஓடிப்போனது, வேறொருவர் பழியை ஏற்றபோது வாய் மூடி இருந்தது.

மேடம் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“குமிழ் கடைசி வரைக்கும் உச்சத்துல இருந்துச்சா?”

“ஆமா மேடம்.”

“டைமர் ஒழுங்கா ஓடிச்சு?”

“ஆமா மேடம்.”

“அப்ப வெள்ளி சாயங்காலம் கொஞ்சம், சனி பன்னிரண்டு மணி நேரம், ஞாயிறு பன்னிரண்டு மணி நேரம். திங்கள் காலையில கொஞ்சம்.” ஒரு தாளில் கூட்டிப் போட்டார். நிமிர்ந்தார். “ஏம்மா, உச்ச வெளிச்சத்துல முப்பது மணி நேரம் நின்னுருக்கா உன் புள்ளி? நீ இத்தனை நாளா அதுக்கு மங்கல் வெளிச்சம் காட்டிக்கிட்டு இருந்திருக்க?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பிறகு அவர் குரல் மாறியது. “நீ மறந்தது பெரிசில்ல, நானும் மறந்திருக்கேன். ஆனா ஒரு மாசம் அந்த மனுஷனை அப்படியே விட்ட பாரு, அது தப்பு. அவர் பேர்ல இருக்கிற காகிதம் கோப்புல இருந்து வெளிய வரணும். இப்பவே எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது ஐந்து வாரத்தில் முதல் தடவையாகத் தோள் இறங்கியது.

ஆகஸ்ட் 9, புதன்

உச்ச வெளிச்சம், ஏழு நாள். சோகை இரண்டாம் நாளே வெளுத்தது. புள்ளி வளர்கிறது.

ஆகஸ்ட் 19, சனி

காரணமும் பிடிபட்டுவிட்டது. இழந்த மஞ்சள் நிறமிகளை அது திரும்பச் செய்துகொள்ளவில்லை. நானும் மேடமும் முதலில் அப்படித்தான் எதிர்பார்த்தோம். பச்சையத்தை அளந்தால் சோகையில் இருப்பதில் பாதிகூட இல்லை. வெளிச்சத்தைப் பிடிக்கிற வலையைச் சின்னதாக்கிக்கொண்டிருக்கிறது. கொஞ்சமாகப் பிடிக்கிறது, அதனால் கருகுவதும் கொஞ்சம். கருகியதை மாற்ற அவகாசம் கிடைக்கிறது. இரண்டாவதாக ஒரு சடுதி மாற்றம். எந்த மரபணு என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் மாதக்கணக்கில் ஆகும், அது வேறு யாருடைய ஆய்வாகவும் இருக்கலாம்.

குழுவுக்கு இது போதும் என்று மேடம் சொல்லிவிட்டார். விடுதிக்கு நடந்தே வந்தேன். வழியில் ஒரு கடையில் மாம்பழம் கடைசி வரத்து என்றார்கள். ஆறு வாங்கினேன். மூன்றைத் திரும்பிப் போய்ப் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில்தான் என்று எழுத நினைத்தேன். வழியில் இல்லை, ஒன்றரை கிலோமீட்டர் பின்னால் போக வேண்டும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அம்மாவிடம் பேசினேன். பாசியைப் பற்றி இல்லை.

அவள் முழுவதையும் கேட்டாள். பின்னால் ரேடியோவில் செய்தி ஓடுவது கேட்டது. அதை அணைத்துவிட்டு வந்தாள்.

“அவிய நம்ம சபை இல்லல்லா?”

“இல்லம்மா. மதுரைக்காரங்க. அழகர்கோயில் பக்கம்.”

“உங்கிட்ட வந்து கேட்டாவளா?”

“இல்ல. கேக்க மாட்டாங்கன்னு நெனைக்கேன். நான்தான் சொல்லணும்.”

“அப்ப அவியளுக்கே தெரியாதா? எனக்குத்தான் மொதல்ல சொல்லுதியா?” என்று சிரித்தாள். “உங்க அப்பா இருந்தா என்ன சொல்லுவாவளோ எனக்குத் தெரியாது. நான் வந்து பாக்கேன். மனுசனப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

செப்டம்பர் 15, வெள்ளி

குழுவில் ஐந்து பேர். வெளியூரில் இருந்து வந்த பேராசிரியர் கடைசியில் கேட்டார்: “விளக்கை உச்சத்துல வச்ச காரணம் என்ன? என்ன அடிப்படையில முப்பது மணி நேரம்னு முடிவு பண்ணீங்க?”

“முடிவு பண்ணல சார். குறைக்க மறந்துட்டு ஊருக்குப் போயிட்டேன்.”

 அவர்தான் முதலில் சிரித்தார். “தெரிஞ்சு வச்சிருந்தா பயந்து பத்து மணி நேரத்துல அணைச்சிருப்பீங்க” என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஹமீதா மேடம் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வெளியே வந்தபோது அழகுசுந்தரம் வேப்பமரத்தடியில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம். ஊருக்கு எப்போது என்று கேட்டார். இருபத்தெட்டாம் தேதி என்றேன். அதற்கப்புறம் பள்ளிக்கூடமா என்றார். ஆமாம் என்றேன்.  நிறுத்தத்தில் எங்களைத் தவிர பூக்கூடையுடன் ஓர் அம்மாள் மட்டும் இருந்தார்.

“நாளைக்கு எங்க அம்மா வர்றாங்க” என்றேன்.

“அப்புடியா? நல்லது. மீனாட்சியம்மன் கோயிலு, மகாலு எல்லாம் சுத்திக் காட்டுங்க.”

“அதைப் பாக்க வரல. உங்களைப் பாக்க வர்றாங்க.”

“என்னையவா? என்னைய எதுக்கு டீச்சர்?”

“நான்தான் வரச் சொன்னேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார். காதோரம் சிவந்து வந்ததைப் பார்த்து எனக்குப் பயம் எல்லாம் போய்விட்டது. பூக்கூடை அம்மாள் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அழகர்கோயில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டார். பூக்கூடை அம்மாள் ஏறிக்கொண்டார்.

“உங்க பஸ் போகுது” என்றேன்.

“போகட்டும்” என்றார்.

அதற்கடுத்த பஸ்ஸும் போனது.